அச்சம் எங்கே இருக்கிறது?

ஒரு கதை மக்களிடம் செல்வாக்குப் பெற்றுவிட்டால், அதற்கு இரண்டாம் பாகம் எழுதச் சொல்லிப் பதிப்பாளர் எழுத்தாளர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். நாவலுக்கும் திரைப்படத்திற்கும் நேர்ந்த இந்நிலை, இன்று வீடியோ விளையாட்டுகளுக்கும் நேர்ந்திருக்கிறது. இரண்டாம் பாகங்களிற் பெரும்பாலானவை ஏன் சோபிப்பதில்லை என்பதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. முதற் பாகத்தில் ஒரு பேய் என்றால் அடுத்ததில் பத்துப் பேய்; முதலில் ஒரு மாளிகை எரிந்தது என்றால் அடுத்ததில் ஊரே எரியும். அளவைப் பெருக்குவது எளிது. பொருளை ஆழப்படுத்துவது அரிது. அந்த அரிய செயலைச் செய்து காட்டிய ஒரு படைப்பைப் பற்றியே இக்கட்டுரையிற் பேச விழைகிறோம். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சைலண்ட் ஹில் 2’ என்னும் விளையாட்டே அது.

விளையாட்டுக்குத் திறனாய்வா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். நாவல் தமிழுக்கு வந்த புதிதில் அதனை வீண் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. சினிமாவையும் அவ்வாறே சொன்னார்கள். பின்னர் அவை இரண்டைப் பற்றியும் ஆய்வு நூல்கள் எழுதப்பட்டன. நம் வீடுகளில் இளைஞர்கள் இரவு நெடுநேரம் விழித்திருந்து ஆடுகின்ற ஒன்றைப் பற்றி, பெரியவர்கள் ஒன்றும் அறியாமலே கண்டிப்பதினும் அறிந்து மதிப்பிடுவது மேலன்றோ? ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இது சிறுவர்க்குரிய விளையாட்டன்று. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு இதனைப் பதினேழு வயது நிரம்பியவர்க்கே உரியதென வகுத்திருக்கிறது. அவ்வரம்பு சரியானதே.

முதற் பாகம்

‘சர்வைவல் ஹாரர்’ என்று இவ்வகைக்குப் பெயர். வெற்றி வாகை சூடுவதன்று, உயிரோடு தப்பிப் பிழைப்பதே இதில் குறிக்கோள். கையில் இருக்கும் தோட்டாக்கள் சில, மருந்தும் சிறிதே, வழியோ இருட்டு. 1996இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ரெசிடெண்ட் ஈவில்’ இவ்வகைக்கு உலகெங்கும் பெயர் தேடித் தந்தது. அதன் கதாநாயகர்கள் பயிற்சி பெற்ற காவற்படையினர்.

மூன்றாண்டுகள் கழித்து, 1999இல், கெய்ச்சிரோ தோயாமா என்பவரின் இயக்கத்தில் ‘சைலண்ட் ஹில்’ வந்தது. இதன் நாயகன் காவற்படையினன் அல்லன், ஹாரி மேசன் என்னும் எழுத்தாளன், மனைவியை இழந்தவன். எடுத்து வளர்த்த ஏழு வயது மகள் செரிலை அழைத்துக்கொண்டு விடுமுறைக்காக ஏரிக்கரை ஊர் ஒன்றுக்கு வருகிறான். வழியிற் கார் விபத்துக்குள்ளாகிறது. கண் விழித்துப் பார்க்கையில் பக்கத்து இருக்கையிற் குழந்தையைக் காணவில்லை. ஊரில் மனித நடமாட்டம் இல்லை. பருவத்துக்குப் பொருந்தாத பனி பெய்துகொண்டிருக்கிறது. அந்தத் தந்தை மகளைத் தேடி நடக்கத் தொடங்குகிறான்.

ஹாரிக்குத் துப்பாக்கி சுடத் தெரியாது, குறி தவறும். கொஞ்சம் ஓடினால் மூச்சு வாங்கும். அவனிடம் இருப்பவை ஒரு கைவிளக்கும் உடைந்த வானொலிப் பெட்டியுமே. கோர உருவங்கள் நெருங்கும்போது அந்த வானொலி தானாகவே இரைகிறது. இன்ன திசையிலிருந்து வருகிறது என்று அது சொல்வதில்லை. வருகிறது என்று மட்டுமே சொல்கிறது. அச்சத்தைக் கண்ணுக்குக் காட்டாமற் காதுக்குக் காட்டிய இந்த உத்தி எளிமையானது. ஆனால் எத்தனை வலிமையானது! ஆலைச் சங்கு போன்றதோர் ஓலம் எழும்பியதும் ஊரே உருமாறும். சுவர்கள் துருவேறும், தரை கம்பிவலையாகும், பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கொடுங்கனவின் கூடங்களாகும்.

அவ்வூரின் மூடுபனி புகழ்பெற்றது. அது பிறந்த கதை சுவையானது. அக்காலத்துப் பிளேஸ்டேஷன் கருவிக்குத் தொலைதூரக் காட்சிகளை வரைந்து காட்டும் ஆற்றல் இல்லை. அக்குறையை மறைக்க ஊரையே பனியாலும் இருளாலும் போர்த்தினார்கள். குறையை மறைக்கப் போட்ட திரை, படைப்பின் உயிராகவே ஆகிவிட்டது. எதிரே பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாத ஊரில் தன் குழந்தையைத் தேடும் தகப்பனின் தவிப்பைக் காட்ட இதைவிடப் பொருத்தமான திரை ஏது?

ஆயினும் முதற் பாகத்தின் பிற்பகுதி நம்மை முழுமையாக நிறைவு செய்யவில்லை. ஊரில் மறைந்து இயங்கும் ஒரு கூட்டம்; பெற்ற மகள் அலெஸ்ஸாவையே தீக்கு இரையாக்கிய டாலியா என்னும் தாய்; அம்மகளின் வேதனையே ஊரின் மேல் கனவாகப் படிந்த விந்தை. கருத்து பெரிதுதான். ஆனால் முடிச்சுகள் மிகுதியாகி, அவிழ்க்க நேரமில்லாமற் கதை முடிந்துவிடுகிறது. இதனினும் முக்கியமான ஒன்றுண்டு. ஹாரி குற்றமற்றவன். அவன் காணும் கோரங்கள் யாவும் அலெஸ்ஸா என்னும் வேறொருத்தியின் உள்ளத்திலிருந்து வந்தவை. அவன் அவற்றினிடையே நடந்து செல்லும் நல்ல மனிதன். ஆகவே ஆடுகின்ற நாமும் நல்லவர்களாகவே இருந்து, அச்சத்தை வெளியே நிறுத்திக் காண முடிகிறது.

இரண்டாம் பாகம்

இரண்டாம் பாகத்தை மசாஷி சுபோயாமா இயக்கினார். கதையமைப்பில் ஹிரோயுக்கி ஓவாகுவும், உருவப் படைப்பில் மசாஹிரோ இத்தோவும், இசையில் அகிரா யமவோக்காவும் துணைநின்றனர். முதற் பாகத்தின் நாயகனையோ அவன் மகளையோ அவர்கள் தொடரவில்லை. ஊரின் பெயரையும் பனியையும் வானொலியையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மற்ற அனைத்தையும் புதிதாகத் தொடங்கினார்கள்.

ஜேம்ஸ் சண்டர்லண்ட் என்பவன் ஒரு பொதுக் கழிவறையில் கண்ணாடி முன் நின்று தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பதோடு கதை தொடங்குகிறது. மூன்றாண்டுகளுக்கு முன் நோயில் இறந்த மனைவி மேரியிடமிருந்து அவனுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. தாங்கள் இருவரும் முன்பு மகிழ்ந்திருந்த இடத்தில் அவனுக்காகக் காத்திருப்பதாக அது சொல்கிறது. இறந்தவள் கடிதம் எழுத மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வந்திருக்கிறான். அவன் காரை விட்டிறங்கி ஊருக்குள் செல்லும் காட்டுப்பாதை மிக நீண்டது. அப்பாதையில் எதுவும் நிகழ்வதில்லை. காலடி ஓசை மட்டுமே கேட்கும். வேறொரு படைப்பாளன் அங்கே ஒரு கோர உருவத்தை ஓடவிட்டிருப்பான். இவர்கள் நம்மை நடக்க மட்டுமே விட்டார்கள். திரும்பிப் போவது இனி எளிதன்று என்னும் உணர்வு அந்த வெறும் நடையிலேயே நம்முள் ஏறிவிடுகிறது.

இப்போது பிளேஸ்டேஷன் இரண்டாம் தலைமுறைக் கருவி வந்துவிட்டது. ஊரின் தொலைதூரத்தை முன்னினும் தெளிவாகக் காட்டியிருக்கலாம். ஆயினும் பனியை அவர்கள் விலக்கவில்லை, இன்னும் அடர்த்தியாக்கினார்கள். முதற் பாகத்தில் அது கருவியின் குறையை மறைத்தது. இரண்டாம் பாகத்தில் அது ஒருவனுடைய நினைவின் குறையைக் காட்டுகிறது. ஒரே பனி, பொருள் மட்டும் மாறிவிட்டது. ஒரு தொடர்ச்சி தன் முன்னோடியிடமிருந்து எதைப் பெற வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று காட்டுவது கடினம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை வகுத்துரைக்கையில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கென்பார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்பது அரசன் முதலாகத் தன்மேல் அதிகாரமுடையோரைக் குறிக்கும். குற்றம் செய்தவன் அவர் முன் நடுங்குவான். முதற் பாகத்து அச்சம் பெரிதும் அணங்கின்பாலும் விலங்கின்பாலும் பட்டது. இரண்டாம் பாகத்து அச்சமோ நான்காவது வகை. அவ்வூரின் வரலாற்றுக் காட்சிசாலையில் ஓர் ஓவியம் தொங்குகிறது. பழங்காலத்துக் கொலைத் தண்டனையாளன் ஒருவனை அது காட்டுகிறது. தலையில் பெரிய முக்கோணக் கவசம் அணிந்து, கத்தியை இழுத்துக்கொண்டு ஜேம்ஸைத் தொடரும் உருவம் அந்தத் தண்டனையாளனின் வடிவமே. அவனை அனுப்பிய அரசன் யார்? வேறெவரும் அல்லர், ஜேம்ஸே. தான் பலவீனனாக இருந்ததால் தன்னைத் தண்டிக்க ஒருவன் தேவைப்பட்டான் என்று இறுதியில் அவனே ஒப்புக்கொள்கிறான். நடுங்குபவனும் நடுங்கச் செய்பவனும் ஒருவனே. தொல்காப்பியர் வெளியே வைத்த இறையை இப்படைப்பாளர்கள் உள்ளத்திற்குள் கொண்டுவந்து அமர்த்திவிட்டார்கள்.

அந்த உண்மையைக் கதை எப்படி வெளிப்படுத்துகிறது என்பதும் கருதத்தக்கது. ஜேம்ஸின் பையில் மேரியின் கடிதம் இருக்கிறது. வேண்டும்போது நாம் எடுத்துப் படிக்கலாம். கதை முன்னேற முன்னேற அதன் எழுத்துகள் மறைந்து வெற்றுத் தாளாகின்றன. பின்னர் தாளும் இல்லாமற்போகிறது. அறிவிப்பு எதுவும் கிடையாது. எடுத்துப் பார்த்தவனே அறிவான். லாரா என்னும் எட்டு வயதுச் சிறுமி ஊரில் ஓடியாடித் திரிகிறாள். மேரியை அவள் மருத்துவமனையிற் கண்டு பழகியவள். அதுவும் சென்ற ஆண்டுதான் என்கிறாள். அப்படியானால் மூன்றாண்டுக்கு முன் இறந்தவள் யார்? விடை ஏரிக்கரை விடுதியின் 312ஆம் அறையில் இருக்கிறது. அங்கே ஒரு வீடியோ நாடா. நோயாளி மனைவியின் முகத்தில் தலையணையை அழுத்தியவன் ஜேம்ஸே என்பதை அந்த நாடா காட்டுகிறது.

இதனை ஒரு நாவலிற் படித்திருந்தால் அதிர்ந்திருப்போம். இங்கே அதிர்ச்சி வேறு வகையானது. இத்தனை மணி நேரமும் அவனுக்கு வழி காட்டியவர்கள் நாம். அவன் உயிரைக் காத்தது நம் கை. குற்றவாளியின் கையைப் பிடித்து நடந்திருக்கிறோம் என்று அறியும்போது நமக்கு ஏற்படும் திகைப்பை நாவலாலும் திரைப்படத்தாலும் இப்படித் தர முடியாது. விளையாட்டு என்னும் கலைக்கே உரிய வலிமை இது.

நோயாளியும் கணவனும்

இக்கதையை நாம் எளிதில் மறக்க முடியாததற்குக் காரணம் அதன் கோர உருவங்கள் அல்ல. நெடுநாள் நோயாளியை வைத்துப் பார்த்த வீடுகளுக்கு ஒரு செய்தி தெரியும். ஆனால் அவை அதனை வாய்விட்டுச் சொல்வதில்லை. பணிவிடை செய்யும் கை சலித்துப்போகும். அன்புக்குப் பக்கத்திலேயே எரிச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும். நோயாளியோ தன் வலியாற் சுடுசொல் வீசுவார். மறுகணமே விட்டுப் போகாதே என்று அழுவார். இது எப்போது முடியும் என்ற எண்ணம் ஒரு நள்ளிரவிலாவது தோன்றாத பணிவிடையாளர் அரியர். அவ்வெண்ணம் தோன்றியதற்காகத் தம்மைத் தாமே வெறுப்பவரோ பலர்.

ஜேம்ஸ் அவ்வெண்ணத்தைச் செயலாக்கிவிட்டவன். அவளது துன்பத்தைத் தீர்க்கவே செய்தேன் என்று முதலிற் சொல்கிறான். பிறகு தன் வாழ்வைத் திரும்பப் பெற விரும்பியதும் உண்மை என்கிறான். இரக்கமா, தன்னலமா என்று பிரித்துக் காட்ட அவனால் முடியவில்லை. படைப்பாளர்களும் அவனுக்காகத் தீர்ப்பெழுதவில்லை. அதேவேளை அவனை நல்லவனாக்கவும் முயலவில்லை. செய்தது கொலையே. இரக்கம் கலந்திருந்தால் மட்டும் கொலை கொலையல்லாமற் போய்விடாது. இவ்விரண்டையும் ஒருசேர நம் நெஞ்சில் நிறுத்தியதே இப்படைப்பின் பெருமை. இறுதியில் ஒலிக்கும் மேரியின் மெய்யான கடிதம், தான் கணவனிடம் காட்டிய கடுமைக்கு வருந்துகிறது; அவன் வாழ வேண்டும் என்று விரும்புகிறது. கோரங்கள் நிறைந்த கதை ஒரு நோயாளியின் கனிந்த சொற்களோடு முடிவது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மற்றப் பாத்திரங்களும் இதே கண்ணாடியின் சில்லுகளே. தந்தையாற் கொடுமைக்குள்ளான ஏஞ்சலா, தீப்பற்றிய படிக்கட்டில் நிற்கிறாள். ஜேம்ஸுக்கு அத்தீ வியப்பளிக்கிறது. அவளுக்கோ அது என்றும் எரியும் தீ. பிறர் ஏளனத்தால் மனம் கசந்த எடியைச் சூழ்ந்திருப்பவை பிணங்கள். ஒரே ஊர் ஒவ்வொருவருக்கும் அவரவர் நெஞ்சில் உள்ளதையே காட்டுகிறது. லாரா மட்டும் அச்சமின்றித் திரிகிறாள். குற்றம் அறியாத குழந்தைக்கு அது வெறும் ஊர்தான்.

முடிவு யார் கையில்?

இரண்டு பாகங்களிலும் முடிவுகள் பல உண்டு. முதற் பாகத்தில் இன்னாரைக் காப்பாற்றினால் இன்ன முடிவு என்று செயலைக் கொண்டு அது தீர்மானமாகிறது. இரண்டாம் பாகத்தில் அத்தகைய வெளிப்படையான தேர்வு இல்லை. ஆடுபவர் மேரியின் படத்தையும் கடிதத்தையும் அடிக்கடி எடுத்துப் பார்த்தாரா? அவளைப் போலவே தோற்றமளிக்கும் மரியா என்பவளை விட்டு அகலாமல் நின்றாரா? ஜேம்ஸின் காயங்களை ஆற்றாமல் நெடுநேரம் விட்டாரா? ஏஞ்சலாவின் கத்தியைத் திரும்பத் திரும்ப எடுத்து நோக்கினாரா? இவற்றையெல்லாம் விளையாட்டு ஓசையின்றிக் கணக்கெடுக்கிறது. அதற்கேற்ப ஜேம்ஸ் லாராவோடு ஊரை விட்டு வெளியேறுவான். அல்லது மரியா என்னும் மாயையோடு போவான். அல்லது ஏரியில் தன்னை மாய்த்துக்கொள்வான். நாம் ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணியிருக்க, நம்மை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது கடைசியில்தான் தெரிகிறது. மனிதன் பெரிய முடிவுகளைத் தன் சிறிய பழக்கங்களால் எழுதுகிறான் என்னும் உண்மைக்கு இதைவிட நுட்பமான உவமை கிடைப்பது அரிது.

குறைகளும் இல்லாமல் இல்லை. சண்டைப் பகுதிகள் தட்டையானவை. சில புதிர்கள் கதையோடு ஒட்டாமல் வெறும் பூட்டும் சாவியுமாக நிற்கின்றன. திறவாத கதவுகளைத் தட்டித் தட்டிச் சலிப்பு ஏற்படுவதும் உண்டு. பெண்ணுருவைச் சிதைத்து அமைத்த சில கோர உருவங்களைக் குடும்பத்தோடு அமர்ந்து காண முடியாது. ஜேம்ஸின் அடக்கிவைத்த உணர்வுகளை அவை குறிக்கின்றன என்ற விளக்கம் பொருத்தமானதே. எனினும் எல்லா இடத்தும் அவை இன்றியமையாதன என்று எமக்குத் தோன்றவில்லை.

பின் வந்தவை

2003இல் வந்த மூன்றாம் பாகம் முதற் பாகத்தின் கதையையே மீண்டும் பற்றிக்கொண்டது. ஹெதர் என்னும் இளம்பெண்ணின் பிறப்பு மர்மம், பழைய கூட்டம், பழைய பகை. காட்சியழகில் அது இரண்டாம் பாகத்திற்கு இளைத்ததன்று. தந்தைக்கும் மகளுக்கும் இடையேயான பாசம் நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் அச்சம் மீண்டும் வெளியே போய்விட்டது. முதற் பாகத்தின் கதையைத் தொடர்ந்தது மூன்றாம் பாகம்; அதன் கருத்தைத் தொடர்ந்ததோ இரண்டாம் பாகம். முதலிற் சொன்னபடி, முதற் பாகத்திலும் ஊர் என்பது அலெஸ்ஸாவின் உள்ளத்துக் கனவே. அந்த விதையைக் கண்டெடுத்து, ‘அக்கனவு நாயகனுடையதாகவே இருந்தால் என்ன?’ என்று கேட்டவர்களே உண்மையான வாரிசுகள்.

2024இல் போலந்து நாட்டின் புளூபர் டீம் நிறுவனம் இரண்டாம் பாகத்தை இன்றைய கருவிகளுக்கேற்ப மறுஆக்கம் செய்து வெளியிட்டது. மூலத்தின் மேல் அவர்கள் கொண்ட மதிப்பு காட்சிதோறும் தெரிகிறது. பாத்திரங்களின் முகங்களில் இப்போது துயரம் எழுதிப் படிப்பதுபோல் விளங்குகிறது. ஏஞ்சலாவின் காட்சிகள் மூலத்தினும் நெஞ்சை உருக்குகின்றன. ஆயினும் இரண்டு மாற்றங்களைப் பற்றி நாம் ஐயுறாமல் இருக்க முடியவில்லை. மூலத்தில் கேமரா எங்கோ மூலையில் நின்று ஜேம்ஸைக் கண்காணிக்கும். வேறொருவர் பார்ப்பது போன்ற நடுக்கம் அதனாலேயே பிறந்தது. மறுஆக்கத்தில் அது அவன் தோளுக்குப் பின்னால் வந்து அமர்ந்துகொண்டது. இப்போது பார்ப்பவர்கள் நாமே. பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வு குறைந்துவிட்டது. மற்றொன்று அளவு. மூலத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நேரம் இது நீள்கிறது. அந்நீளத்தை நிரப்பச் சண்டைகள் பெருகியுள்ளன. பத்தாவது முறை அதே உருவத்தை அடித்து வீழ்த்தும்போது அச்சம் வேலையாகிவிடுகிறது. நாம் தொடக்கத்திற் குறிப்பிட்ட அந்தப் பழைய நோய், அளவைப் பெருக்கும் நோய், இத்தனை நல்ல மறுஆக்கத்தையும் சற்றே தீண்டாமல் விடவில்லை.

முதற் பாகம் நல்லதொரு தகப்பனைப் படைத்தது. அவனோடு சேர்ந்து நாமும் அஞ்சினோம். இரண்டாம் பாகம் தன் குற்றத்தை மறந்துவிட்ட ஒரு கணவனைப் படைத்தது. அவனைக் கண்டு அஞ்சினோம். பின்னர் நம்மையே சற்று எண்ணிப் பார்த்தோம். பேய்க்கதை கேட்டு அஞ்சியவன் விளக்கை ஏற்றினால் அச்சம் தீரும். ஜேம்ஸின் கையிலும் ஒரு விளக்கு இருந்தது. தான் நின்ற இடத்தைத் தவிர எல்லா இடத்தையும் அது அவனுக்குக் காட்டியது. அதனைத் தன்மேல் திருப்பிக்கொள்ளும் வரை அவனுக்கு அவ்வூரை விட்டு வெளியேற வழி இல்லை. வயது வந்த பிள்ளைகள் இவ்விளையாட்டை ஆடி முடித்து எழும்போது, எத்தனை உருவங்களைக் கொன்றாய் என்று கேட்பதை விடுத்து, ஜேம்ஸுக்கு நீ என்ன முடிவு தேடித் தந்தாய் என்று கேட்டுப் பாருங்கள். நல்லதோர் உரையாடல் அங்கே தொடங்கக் கூடும்.